நற்சான்றுக் கடிதம்

ரிஷிகேசனுக்குச் சம்பளம் கொடுப்பது ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் தராசுக் கொம்பனி. அவன் வேலை செய்வதோ துறைமுகத்துக்குள், ஒரு சரக்குக் கொம்பனியில். லொறி நிறுக்கும் தராசுகளைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத்துக்கென்று அனுப்பினார்கள், பதினொரு வருடமாகிவிட்டது. இன்றைக்கும் கழுத்தில் தொங்குவது 'வருகையாளர்' பாஸ்தான். துறைமுகத்தில் போனஸ் நாளன்று அவன் வெளியாள். சொந்தக் கொம்பனி விருந்துக்குப் போனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "நீங்கள் எந்தக் கொம்பனி அண்ணை?" என்று கேட்கிறார்கள். மனுசனுக்கு வெறுத்துப்போகாதா?

ஓர்ஸ் ஹில்லில் மேற்பார்வையாளர் பதவி காலியானதும் விண்ணப்பித்தான். வயது நாற்பத்திரண்டு. இதைவிட்டால் வேறு வாய்ப்பு வராது.

"அங்க உங்களை ஆருக்குத் தெரியும்? ஸைனுலாப்தீன் நானாட்டக் கேட்டு ஒரு கடிதம் வாங்கிக் குடுங்கோவன்," என்றாள் மனைவி நிருஜா.

ஸைனுலாப்தீன்தான் துறைமுகத்தில் அவனுக்குப் பொறுப்பாளர். ஒரு பக்கம் கேட்டதற்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் தராசு ஒருநாளும் நின்றதில்லை, ரிஷிகேசன் இல்லாமல் எங்கள் வேலை நடக்காது. மனிதர் ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை. அதுதான் வினையாகிப்போனது.

பத்தாம் நாள் அவனுடைய மேலாளர் பிரியதர்சினி போன் எடுத்தாள்.

"வாழ்த்துகள் ரிஷி! உங்கட கடிதத்தைத் துறைமுகக் கொம்பனிக்காரரிட கொழும்புத் தலைமைக் கந்தோருக்குக் காட்டித்தான் எங்கட தராசு ஒப்பந்தத்தை இன்னும் அஞ்சு வருசத்துக்கு நீட்டினனாங்கள். நீங்கள் அங்கயே இருக்கவேணும் எண்டு அதில போட்டிருக்கு."

"அப்ப மேற்பார்வையாளர் வேலை, மிஸ்?"

"அது பிரவீனனுக்கு. வேலைக்கு அனுப்பின இடமெல்லாம் அவரில முறைப்பாடு. வெளியில விட ஏலாது. இங்க எண்டா கண்ணுக்கு முன்னால இருப்பார்."

ரிஷிகேசன் போனை வைத்தான். ஒழுங்காக வேலை செய்தவனைப் போட்ட இடத்திலேயே மறந்துவிட்டு, குழப்படிக்காரனைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்துகிறார்கள். தராசின் வயரைப் பிடுங்கி எறிந்தால் என்ன என்றுகூட நினைத்தான். வெளியே லொறிகள் ஹோர்ன் அடித்தன. எழும்பிப் போய் முதல் லொறியைத் தராசில் ஏறச் சொன்னான்.

சாப்பாட்டு நேரம் ஸைனுலாப்தீன் சிரித்த முகத்தோடு வந்தார்.

"என்ன தம்பி, எப்ப ஓர்ஸ் ஹில்லுக்குப் போறீங்க? உங்களுக்கு ஒரு விருந்து வைக்கோணும்."

அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது?

"அஞ்சு வருசம் போகட்டும் நானா," என்றான்.

பகிடி விடுகிறான் என்று நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.