தைலம் மணத்த ரிலே

"கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த காரிலயும் பெட்ரோல் பம்பு ரிலே எங்க இருக்குன்னு மூக்காலயே சொல்லிடுவேன். காத்து சாதகமா இருந்தா அடுத்த ஊர்ல இருந்தே சொல்வேன்."

ஃபுல்ஹென்சியோ இப்படிச் சொன்னதும் பானி நகரமே சிரித்தது. மளிகைக்கடை மிரேயா மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்புக்குக்கூட லாயக்கில்லாத பொய் என்பது அவள் கட்சி.

ரிலே என்பது தீப்பெட்டியைவிடச் சின்னக் கறுப்புக் கட்டை. அது இல்லாவிட்டால் பம்புக்குக் கரண்ட் போகாது, வண்டி நகராது. டாக்சி ஓட்டிய பதினோரு வருஷமும், திருடனுக்குப் பயந்து, ஃபுல்ஹென்சியோ அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். இருமலுக்கு மார்பில் அப்பிய தைலம் முழுவதையும் அந்த ரிலேதான் குடித்தது.

நாலு வருஷத்துக்கு முன், மகள் யனேலிஸின் கல்யாணத்தன்று காலையில் அது காணாமல் போனது. மணப்பெண் முழங்கால் சேற்றில் சர்ச்சுக்கு நடந்தாள். போட்டி டாக்சிக்காரன் நிக்கானோர் ஹார்ன் அடித்தபடி அவளைக் கடந்து போனான். "பெரிய மூக்காச்சே மச்சான், மோந்து கண்டுபிடி" என்றான் அவள் அப்பாவிடம். அன்று சிரித்த ஒவ்வொரு பல்லையும் ஃபுல்ஹென்சியோ எண்ணி வைத்திருந்தார்.

இன்று புனிதர் திருநாள். கார் ஊர்வலத்துக்கு நிக்கானோர்தான் முன்னோடி. அவன் வண்டியின் சேவல் ஹார்ன் அலறினால் கடல் தாண்டிக் கியூபாவில் கோழிகள் முட்டையிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பானெட்டைத் திறந்துவிட்டான்.

"வா மச்சான். ஊரே பாக்குது, மோந்து காட்டு."

மிரேயா தன் ஏப்ரனால் அவர் கண்ணைக் கட்டினாள். அதுவும் இரண்டு முடிச்சு.

ஃபுல்ஹென்சியோ குனிந்தார். மூக்கு இடமாகப் போனது, வலமாக வந்தது, நின்றது. விரல்கள் ஒரு ரிலேயைப் பிடுங்கின. எஞ்சின் இரண்டு விக்கல் விக்கிச் செத்தது.

"இது என்னோடது" என்றார், கண்கட்டை அவிழ்க்காமலே. "அடியில சிவப்பு நகப்பாலீஷ்ல ஒரு 'ய' இருக்கும். என் பொண்ணு போட்டது."

மிரேயா அதை வாங்கித் திருப்பினாள். இருந்தது. நிக்கானோரின் முகம் உரித்த வாழைக்காய் ஆனது.

"ஊர்வலம் நிக்குதே... குடுத்துடு மச்சான்."

"ஹார்ன் ரிலேயும் இதே அச்சுதான். அதைப் பிடுங்கி இங்க சொருகிக்கோ. வண்டி ஓடும், வாய்தான் திறக்காது."

சேவல் கூவாமல், சவ ஊர்வலம்போல, நிக்கானோர் ஊரைச் சுற்றினான். யனேலிஸ் வாசலில் நின்று நிதானமாகக் கைதட்டினாள்.

மிரேயா அந்தக் கட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். தும்மினாள்.

"நாலு வருஷமாகியும் தைலம் அடிக்குது பெரியவரே," என்றாள். "உங்க மூக்குக் கதை பொய்யில்ல, நடந்ததுதான். என் கண்ணால பாத்தேன்."