மணத்துக்கு ஒரு மழைக்கோட்டு

கிளிநொச்சியில் கலியாணங்களுக்குக் கார் ஓடிக்கொண்டிருந்த குகதாசன் குதிரைக்காரனானது அவனாக விரும்பி நடந்ததல்ல. முதலாளி பொன்னையா ஒருநாள் நுவரெலியாவுக்குப் போய், பந்தயத்துக்கு இனி உதவாது என்று ஒதுக்கிவிட்ட வெள்ளைக் குதிரையொன்றை லொறியில் ஏற்றிவந்து, நெல்மூட்டை அடுக்கும் கொட்டிலில் கட்டினார். வெளிநாட்டிலிருந்து வரும் மாப்பிள்ளைமாருக்குக் குதிரையில் ஊர்வலம் போக ஆசை என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். குதிரைக்கு ராசா என்று பெயர் வைத்தார். எந்த மொழியில் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. காரும் வாகனம்தான், இதுவும் வாகனம்தான் என்று சொல்லிக் கயிற்றைக் குகதாசனின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து காலையில் கொட்டில், பிறகு கார். லத்தியை அள்ளி, மூத்திரத்தில் ஊறிய வைக்கோலைக் கிளறி வெளியே தள்ளும்போது கண்ணைக் கரிக்கிற ஒரு ஆவி எழும்பும். அது சட்டையில் ஏறும், தலைமயிரில் ஏறும், நகத்துக்குள் போய் இருந்துகொள்ளும். குளித்துவிட்டு வந்தாலும் புருவத்தில் கொஞ்சம் மிச்சம் இருப்பதுபோல அவனுக்கே தோன்றும்.

கலியாண நாட்களில் அவனேதான் குதிரையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையை மண்டப வாசல்வரை கூட்டிப்போவான். பிறகு ஓடிப்போய்க் குளித்து உடுப்பு மாற்றி, மாலையும் கழுத்துமாக வரும் தம்பதியைக் காரில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவான். பிரச்சினை அந்தக் காருக்குள்தான் தொடங்கியது. ஒரு பெண் வழிநெடுகப் பூச்செண்டை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. இன்னொருத்தி பரந்தன் சந்தியில் காரை நிற்பாட்டச் சொல்லி இறங்கி நின்று மூச்சு வாங்கினாள். அவளுடைய தகப்பன் மறுநாளே பொன்னையாவுக்குப் போன் அடித்தார்.

"தாசன், கார் குதிரை மணக்குதாம்," என்றார் பொன்னையா. "காருக்குள்ள குதிரை ஏறேல்லை. நீதான் ஏறுறாய். ஒண்டில் மணத்தை விடு, இல்லாட்டிக் காரை விடு."

அவன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவனுடைய மனைவி சுமித்திரா சிரிக்கவில்லை. மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எந்தத் தொல்லைக்கும் ஒரு முறை இருக்கும், அதைத் தவறாமல் செய்தால் போய்விடும் என்று நம்புகிறவள். சமைத்துக்கொண்டே போனில் தேடினாள். குதிரை வளர்க்கிற வெள்ளைக்காரப் பெண்கள் இதைப்பற்றி நிறையக் கதைத்திருந்தார்கள். பஞ்சு உடுப்பில் மணம் ஒட்டும், வழுவழுப்பான துணியில் ஒட்டாது. தலையை மூட வேண்டும். தொழுவத்து உடுப்போடு வாகனத்துக்குள் ஏறக் கூடாது. அழுக்கு உடுப்பைக் கட்டிப் போட்டு வைக்காமல் வெயிலில் விரிக்க வேண்டும். அலசுகிற கடைசித் தண்ணீரில் வினாகிரி என்கிற புளிக்காடி விட வேண்டும்.

இப்படியாக, அடுத்த கிழமையே குகதாசனுக்கு ஒரு மஞ்சள் மழைக்கோட்டு வந்தது. தலைக்குப் பொலித்தீன் தொப்பி, வயலுக்கு மருந்தடிக்கிறவர்கள் போடுகிற கையுறை, முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, முகத்துக்கு இரண்டு மாஸ்க். சித்திரை வெயிலில் அவன் அந்தக் கோலத்தில் கொட்டிலுக்குள் இறங்கினான். முதல் நாள் ராசா அவனைக் கண்டு பின்காலால் பலகையை உதைத்தது. நாலைந்து நாளில் பழகிவிட்டது. வேலை முடிந்ததும் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பு, பிறகு பிழிந்த தேசிக்காய்ப் புளி, பிறகு வினாகிரி. சுமித்திரா அவனுடைய காதுக்குப் பின்னால் மோந்து பார்த்துத்தான் காருக்கு அனுப்புவாள். அவனுக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஆனால் கொட்டில் றோட்டுக்கரையில் இருந்தது. பூநகரி பஸ் அதைத் தாண்டித்தான் போகும். மழையில்லாத நாளில் மழைக்கோட்டும் மாஸ்க்குமாக ஒருவன் குதிரையின் கழிவை மண்வெட்டியால் அள்ளிக் வெட்டின கிடங்கில் போட்டு மண்ணால் மூடுவதைப் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். கொரோனாக் காலத்தை மறக்காத சனம். பஸ் பூநகரிக்குப் போய்ச் சேருமுன்பே குதிரைக்கு ஏதோ காய்ச்சல் என்று ஆகிவிட்டது. திரும்பி வரும்போது அது மனிதருக்கும் தொற்றும் என்று ஆகியிருந்தது. பொன்னையாவின் வாசல் படலையில் யாரோ வேப்பிலை கட்டிவிட்டுப் போனார்கள். குதிரை கேட்டிருந்த கலியாண வீட்டார் ஒவ்வொருவராகப் போன் எடுத்து, மாப்பிள்ளை நடந்தே வரட்டும் என்றார்கள்.

கடைசியில் சுகாதாரப் பரிசோதகர் யோகநாதன் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். நிதானமான மனிதர். கொட்டிலுக்கு எட்டவே நின்று, குதிரைக்கு என்ன வருத்தம், காய்ச்சலோ என்று கேட்டார். ஒரு வருத்தமும் இல்லை என்றான் குகதாசன். பிறகு ஏன் இந்தக் கோலம் என்று கேட்டார்.

"மணத்துக்கு, ஐயா."

"ஆரின்ரை மணத்துக்கு?"

"என்ரை மணத்துக்குத்தான்."

யோகநாதன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீர் ஏற்கெனவே கலியாணம் முடிச்சவர் எண்டெல்லோ சொன்னவை."

விளங்கப்படுத்தக் கனநேரம் எடுத்தது. பரிசோதகர் தன்னுடைய மாஸ்க்கைக் கழற்றி மோந்து பார்த்தார். அவருக்குத் தடிமன், மூக்கடைப்பு. மணமே இல்லையே என்றார். மணமில்லாத இடத்தில் மணத்துக்காக ஒருவன் மழைக்கோட்டுப் போடுகிறான் என்றதும் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. மிருக வைத்தியரைக் கூப்பிட்டுக் காட்டி, குதிரை நல்ல சுகம் என்று அவர் சொன்ன பிறகுதான் போனார். ஊர் அதை நம்பவில்லை. நல்ல சுகமான குதிரையைப் பார்க்க வைத்தியர் ஏன் வந்தார் என்று கேட்டது.

பின்வாங்காமல் நின்றது ஒரேயொரு கலியாணம். பளையில், கோயில் மண்டபத்தில். மாப்பிள்ளை அஜந்தன் கனடாவிலிருந்து வந்தவன். குதிரையில் வரப்போவதாகச் சிநேகிதர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டதால் அவனால் மாற முடியவில்லை. பொன்னையா குகதாசனைத் தனியே கூப்பிட்டு, இது பிழைத்தால் குதிரையும் இல்லை, நீயும் இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அன்று சுமித்திரா அவனை விடிய முன்னமே இரண்டுதரம் குளிக்க வார்த்தாள். வினாகிரி, தேசிக்காய், சந்தனப் பவுடர். வெள்ளைச் சேட்டும் கறுத்தக் காற்சட்டையுமாகப் பளையில் போய் நின்றபோது அவனில் குதிரையின் சுவடே இல்லை. நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. தலைப்பாகையும் பட்டு வேட்டியுமாக அஜந்தன் காத்து நின்றான். குகதாசன் லொறியின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினான்.

ராசா அவனை மோந்தது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு மூலைக்குப் போய் நின்றது. கூப்பிட்டான், தடவினான், கொள்ளு காட்டினான். முன்பின் தெரியாத, சோற்றுக்கு ஊற்றுகிற சாறுபோல மணக்கிற ஒரு மனிதனைப் பார்க்கிற மாதிரி அது அவனைப் பார்த்தது. கயிற்றை இழுத்தபோது பல்லைக் காட்டியது. வெளியே மேளகாரர் வாசித்த பாட்டையே திரும்பவும் வாசித்தார்கள். குகதாசன் பொன்னையாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, லொறிக்குள் நின்றபடியே சுமித்திராவுக்குப் போன் எடுத்தான்.

"அது உங்களை அறியாது," என்றாள் அவள். "அதுக்கு இப்ப தெரிஞ்சது மஞ்சள் கோட்டுக்காரனைத்தான். கோட்டைப் போடுங்கோ."

முதல்நாள் இரவு ராசாவை லொறியில் ஏற்றிவிட்டுக் கழற்றிப் போட்ட கோட்டு மற்றச் சாமான்களோடு மூலையில்தான் கிடந்தது. அவன் வெள்ளைச் சேட்டுக்கு மேல் அதைப் போட்டான். தொப்பி, கையுறை, சப்பாத்து, மாஸ்க். ராசா காதை நிமிர்த்தி அவனுடைய தோளில் மூக்கைத் தேய்த்தது. பிறகு கலியாணத்துக்கென்றே பிறந்ததுபோல மெல்ல இறங்கி வந்தது.

மஞ்சள் மனிதனைக் கண்டதும் ஊர்வலம் இரண்டாகப் பிளந்தது. குடை பிடித்தவர் குடையோடு மதிலுக்கு அப்பால் போனார். தவில்காரர் அடிப்பதை விடாமலே பின்னால் பின்னால் போய்க் கடைத்தாவாரத்தில் நின்று அடித்தார். தாய்மார் பிள்ளைகளின் மூக்கை முந்தானையால் பொத்தினார்கள். வெறிச்சோடிய ஏ-ஒன்பது வீதியில், கண்ணைப் பறிக்கிற வெயிலில், அஜந்தனும் குதிரையும் மழைக்கோட்டுக்காரனும் மட்டும் போனார்கள். மாப்பிள்ளை நேரே முன்னால் பார்த்துக்கொண்டு, வாய் அசையாமல், எல்லாரும் எங்கே போய்விட்டார்கள் என்று கேட்டான். வெயிலுக்காக நிழலில் வருகிறார்கள் என்றான் குகதாசன்.

தாலி கட்டி முடிந்தது. குகதாசன் கோயில் கிணற்றில் இன்னொருதரம் குளித்து, சுமித்திரா தந்துவிட்ட மாற்றுச் சேட்டைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினான். தம்பதி பின்னால் ஏறினார்கள். கார் ஆனையிறவைத் தாண்டவில்லை, வந்துவிட்டது அந்த மணம். இவ்வளவும் செய்தும் தன்னை விடவில்லையே, தோலுக்குள் இறங்கிவிட்டதாக்கும் என்று குகதாசன் நினைத்தான். கண்ணாடியைக் கீழே இறக்கி, மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாயெடுத்தான்.

மணப்பெண் யதுர்ஷிகா முன்னால் குனிந்து அவனுடைய கழுத்தடியில் மோந்தாள். பிறகு பக்கத்தில் திரும்பிப் புதுக் கணவனின் தோளில் மோந்தாள். குனிந்து வேட்டியில் மோந்தாள்.

"அண்ணை, உங்களிலை தேசிக்காய் மணம்தான்," என்றாள். "குதிரை மணக்கிறது இவர்."

குகதாசன் காரை ஓரங்கட்டினான். வெள்ளைக் குதிரையின் முதுகில், வேர்வையும் மயிருமாக, பட்டு வேட்டியோடு அரைமணி நேரம் குந்தியிருந்துவிட்டு, ஓமப்புகையில் அந்த மணம் மறைய அதே வேட்டியோடு தாலியும் கட்டி, காருக்குள் வந்து ஏறியவன் இவன். இதற்கு முன்னால் வந்த அத்தனை மாப்பிள்ளைமாரும் அப்படித்தான் ஏறினார்கள். பூச்செண்டை மூக்கில் வைத்திருந்த பெண்ணுக்குப் பக்கத்திலும், பரந்தனில் இறங்கி நின்றவளுக்குப் பக்கத்திலும் ஒரு மாப்பிள்ளை இருந்தான். ஒருவரும் மாப்பிள்ளையை மோந்து பார்க்க நினைக்கவில்லை. பட்டு உடுத்தவன் மணப்பானா?

அஜந்தன் தன்னுடைய கையை மோந்து பார்த்துவிட்டு, தனக்கு ஒரு மணமும் தெரியவில்லை என்றான். யதுர்ஷிகா கண்மை கரையச் சிரித்துவிட்டு, அவனை யன்னலோரம் தள்ளியிருக்கச் சொன்னாள். அவர்களுடைய முதல் சண்டை பரந்தன்வரை நடந்தது. பல மாதத்துக்குப் பிறகு குகதாசன் நன்றாக மூச்சை இழுத்துவிட்டுக் கார் ஓட்டினான்.

பொன்னையா முதலில் நம்பவில்லை. கனடா மாப்பிள்ளை எப்படி மணப்பார் என்றார். யதுர்ஷிகாவே போனில் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். காய்ச்சல் கதையும் தானாகவே ஓய்ந்தது. குதிரையில் ஏறிய அஜந்தன் நோய்நொடியில்லாமல் கனடாவுக்கு விமானமேறியதை ஊரே பார்த்தது.

இப்போது கலியாணத்துக்கு முந்தின பின்னேரங்களில் மாப்பிள்ளை வீட்டார் சுமித்திராவுக்குத்தான் போன் எடுக்கிறார்கள். குதிரையால் இறங்கினதும் கிணற்றடி, முதலில் சவர்க்காரம், பிறகு தேசிக்காய், மாற்றுவதற்கு இன்னொரு வேட்டி என்று அவள் பொறுமையாகச் சொல்லுகிறாள். போன கிழமை ஒரு மாப்பிள்ளையின் தாய், இத்தனையும் செய்து முடிய முகூர்த்தம் தப்பிவிடாதோ என்று கேட்டிருக்கிறார்.

"அப்ப முகூர்த்தத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ," என்று சுமித்திரா சொன்னது குசினி அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குகதாசனுக்குக் கேட்டது. அவன் இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொண்டான்.