நீர்மாலைக் கிணறு

நாகல் நகரில் அந்தச் சந்துக்குக் கிணற்றுச் சந்து என்று பெயர். கிணறுதான் கண்ணில் படாது. பதிமூன்று வருடங்களுக்கு முன் தண்ணீர் வற்றியதும் வாயில் கல் பலகை போட்டு மூடினார்கள். பிறகு இரண்டு தடவை சிமெண்டு ரோடு போட்டதில் தெரு உயர்ந்து, பலகையும் மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது அந்த மூலையில் பக்கத்து வீட்டு முத்துச்சாமியின் இரண்டு பைக்குகள் தகரக் கூரைக்குக் கீழே நிற்கின்றன.

மாநகராட்சியில் சந்துக்கு ஒரு ஆழ்துளைக் குழாயும் சின்டெக்ஸ் தொட்டியும் ஒதுக்கியிருந்தார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற தெருவுக்கு அது கல்யாணச் சேதி மாதிரி. இடம் மட்டும் பொது இடமாக இருக்க வேண்டும். தெரு மொத்தமும் அந்த மூலையைக் காட்டியது. முத்துச்சாமி மட்டும், அது தன் வீட்டு இடம், கிணறும் வீட்டுக் கிணறு என்று மனு எழுதிக் கொடுத்துவிட்டார். பழைய வரைபடத்தில் கிணறு ஒரு புள்ளியாக இருந்தது. அந்தப் புள்ளி சந்தில் விழுகிறதா, முத்துச்சாமியின் சுவருக்குள் விழுகிறதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை சர்வேயர் வருகிறார். அன்றைக்கு ஆதாரம் இல்லையென்றால் தொட்டி வேறு தெருவுக்குப் போய்விடும்.

“போட்டோ கீட்டோ இருக்கா மாயக்கா?” என்று ஆட்டோ ஓட்டும் பாஸ்கல் கேட்டான்.

“கெணத்த எவன்டா போட்டோ எடுப்பான்?” என்று சொன்ன மாயம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

எடுப்பார்கள். ஒரு நாள் மட்டும் எடுப்பார்கள். அந்தச் சந்தில் யார் இறந்தாலும், உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பது அந்தக் கிணற்றில்தான். பிள்ளைகள் அங்கேயே குளித்து, ஈரத்துணியோடு குடம் நிறைத்து, நாலு பேர் தலைக்கு மேல் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க, கொட்டும் சங்குமாக வீட்டுக்கு நடந்து வருவார்கள். ஸ்டுடியோக்காரன் அதைப் படம் எடுக்காமல் விடமாட்டான்.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போனாள்.

“சாவு வீட்டுப் போட்டோவையா? பதினாறாம் நாளே கொடகனாத்துல விட்டாச்சே!”

“எங்க மாமனார் போட்டோவ அத்தை அடுப்புல போட்டுட்டாக. உசுரோட இருக்கயில சொன்ன பேச்சு கேக்கல, இப்பவாச்சும் வேகட்டும்னு.”

கடைசி வீட்டில் கதவையே சாத்திக்கொண்டார்கள். சாவுப் படத்தை வீட்டில் வைத்தால் அடுத்த சாவு விழும் என்ற பயத்தில், கிணறு இருந்ததற்கான சாட்சியை எல்லாம் தெருவே தன் கையால் தொலைத்திருந்தது.

ஒரு வீடு பாக்கி. அது அவள் வீடு.

அவள் கணவன் மொக்கைச்சாமி போய்ப் பதினைந்து வருடம். “ஆத்துல நானே விட்டுக்கிறேன்” என்று கொழுந்தனிடம் வாங்கிய உறையை அவள் ஆற்றில் விடவில்லை. பீரோவின் கீழ்த்தட்டில், காகிதத்துக்கு அடியில் வைத்தாள். பிரித்துப் பார்க்கவும் இல்லை. அதைப் பிரித்தால் அந்த நாள் மறுபடியும் விடியும் என்று இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் உலையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். கணவனின் முகம் இருந்த முதல் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. ஆறாவது படத்தில் கிணறு இருந்தது. உருண்ட கைப்பிடிச்சுவர், பின்னால் முத்துச்சாமி வீட்டு மதில், இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்து போகிற இடைவெளி. மகன் பழனிக்குமார் குடத்தோடு நிற்கிறான். அன்று அவள் வீட்டில் கணவனின் உடலோடு உட்கார்ந்திருந்ததால் இதையெல்லாம் பார்த்ததே இல்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு மற்ற படங்களை உறையில் போட்டு, அந்த ஒன்றை மட்டும் வெளியே வைத்தாள்.

மறுநாள் சர்வேயர் டேப்போடு வந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர்.

“மதினி, வெயில்ல எதுக்கு நிக்கிறீக? வீட்டுக்குப் போங்க” என்றார் முத்துச்சாமி.

“போறேன் தம்பி. செத்த நேரம் இதப் பாத்துரு.” படத்தைச் சர்வேயரிடம் கொடுக்காமல் முத்துச்சாமியின் கையில் கொடுத்தாள்.

சிரித்துக்கொண்டே வாங்கியவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார். பாஸ்கல் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, வேட்டி முனையப் பிடிச்சிட்டு நிக்கிறது நீங்கதான? இம்புட்டு முடியா இருந்துச்சு ஒங்களுக்கு!”

தெருவே சிரித்தது. படத்தில் அவருடைய ஒரு கையில் வேட்டி முனை. இன்னொரு கை பழனிக்குமாரின் முதுகில். முத்துச்சாமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்குப் பய மயங்கி விழப் போனான் மதினி. நாந்தான் தாங்கிப் பிடிச்சேன்.”

“நேத்துத்தான் பாத்தேன் தம்பி. அதுக்கு ஒனக்குக் கோடி புண்ணியம். ஆனா கெணறு ஒன்னுதில்ல.”

சர்வேயர் படத்தை வாங்கினார். “ஏனுங்க, உங்க வீட்டுக் கெணறுன்னா அடுத்த வீட்டு எழவுக்கு இதுல தண்ணி எடுக்க உட்டீங்களா?”

முத்துச்சாமி வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொன்னால் இடம் மிஞ்சும். அதற்குள் வாசலில் இருந்து அவர் மனைவி மலர்விழி கத்தினாள்: “எங்க வீட்டுக் கெணத்துல எழவுத் தண்ணியா? என்ன பேச்சு பேசுறீக? புள்ள குட்டி இருக்குற வீடு! அது தெருக் கெணறு சார், தெருக் கெணறு!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சர்வேயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். முத்துச்சாமி யாரையும் பார்க்கவில்லை. சாவியை எடுத்து, முதல் பைக்கைத் தானே தள்ளிக்கொண்டு போனார். இரண்டாவதைப் பாஸ்கல் தள்ளினான். கடப்பாரை இறங்கியது. இரண்டாவது சிமெண்டுக்கும் கீழே போய்க் கல்லில் மோதி ‘ணங்’ என்றது.

“இந்தப் போட்டோவ மனுவோட சேக்கோணுங்கம்மா” என்றார் சர்வேயர்.

“ஜெராக்ஸ் எடுத்துட்டு வாரேன். இதத் தரமாட்டேன்.”

மாயம்மாள் கடைவீதிப் பக்கம் நடந்தாள். கையில் உறை இல்லை. சாவுப் படத்தை நடுத்தெருவில் கொண்டு போகிறாளே என்று யாராவது சொல்லட்டும் என்று, படத்தின் முகம் வெளியே தெரியும்படியே பிடித்திருந்தாள்.