தூங்கும்போது நிற்கும் கை

...நேற்றிலிருந்து என்று சொல்லிவிட்டால் போதும், யார் வந்து நாள் எண்ணப் போகிறார்கள், ஆனால் இந்த டாக்டர் பெண் பேனாவை மூடாமல் காத்திருக்கிறாள், "யோசிச்சுச் சொல்லுங்க மேடம், பாப்பாவுக்கு எப்போலேர்ந்து இப்படி?"... யோசிக்க என்ன இருக்கிறது, ஒன்பது நாள், பெற்றவள் மெட்டில்டாவுக்கு மணிகூடத் தெரியும், ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் ஹோம்வொர்க் நேரம், ஜாஸ்மினின் வலது கை தானாக முறுக்கி முறுக்கி ஆட, வாய் கோணிக் கோணிச் சப்புக்கொட்ட, எழுத்து கோட்டை விட்டு ஓடியது. மூளைக்காய்ச்சல் வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிள்ளை, ஆளாளுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள், எழுதச் சொன்னால் கூத்து... அப்படித்தானே நினைத்தாள்? இருபது வருஷமாக இரண்டாம் வகுப்பு எடுக்கிறவள், வயிற்றுவலி வேஷம், தலைவலி வேஷம் எல்லாம் பார்த்தவள், டீச்சர் கண்ணை ஏமாற்ற முடியுமா! சோதித்தும் பார்த்தாளே, ஞாயிறு மத்தியானம் பிள்ளை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து... கை அசையவில்லை, வாய் அசையவில்லை. நிஜமான நோய் என்றால் தூக்கத்தில் மட்டும் லீவு போடுமா? எழுந்ததும் ஸ்கேலை எடுத்து ஒன்று வைத்தாள். "நிறுத்துடி, யார்கிட்ட காட்டுற?" "நிக்க மாட்டேங்குதும்மா." இன்னும் இரண்டு அடி, அதே கையில்.

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் இந்த டாக்டர் பெண், "வைரஸ் அடங்கினப்புறமும் சில குழந்தைங்களுக்கு இப்படி வரும், தூங்கினா நின்னுடும், முழிச்சா ஆரம்பிச்சுடும்"... நடிப்புக்குச் சாட்சி என்று மெட்டில்டா பிடித்துவைத்த அதே தூக்கம். டிஸ்சார்ஜ் அன்றே சொன்னார்கள், புதிதாக எது தெரிந்தாலும் உடனே வாங்க என்று, பெரிதாகத் தலையாட்டினாள். ஒன்பது நாள் என்றால் ஏன் வரவில்லை என்பாள், வந்தால் அடித்தது வெளியே வரும்... "நேத்துலேர்ந்து டாக்டர்." வாய் சொல்லிவிட்டது, தூ, இதுவும் ஒரு வாயா. டாக்டர் எழுதிக்கொண்டாள். "ஒரே நாள்தானா? இப்ப கைகூட அமைதியாத்தான் இருக்கு. அட்மிட் பண்ணாம ரெண்டு நாள் பார்க்கலாமா?" அமைதியாகவா? மெட்டில்டா திரும்பினாள். ஜாஸ்மின் வலது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள், உதட்டைப் பல்லால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண் டாக்டரிடம் இல்லை, அம்மா முகத்தில்... "பொய் சொல்லிட்டேன் டாக்டர், ஒன்பது நாளாச்சு, நடிக்கிறாள்னு அடிச்சேன், அதான் மறைக்கிறா"... கொட்டிவிட்டாள், சொன்னால் பாரம் குறையும் என்பார்கள், எங்கே குறைந்தது? "கையை எடு கண்ணு, அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன்." ஜாஸ்மின் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.