எல் போர்டு

"இருக்கும்மா! துடிப்பு இருக்கு!"

எல் போர்டு அப்படிக் கத்தியதும், சர்க்கரைப் பொட்டலத்தோடு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கிடந்தான். அவன் மணிக்கட்டை அந்தப் பெண் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"நான் ஓடிப்போய் நர்ஸம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். நீங்க பேசிக்கிட்டே இருங்க. காது கேட்கும்."

எல் போர்டு என்பது தம்பி வைத்த பெயர். காலமெல்லாம் லாரி ஓட்டியவன், வேறு எப்படிப் பெயர் வைப்பான்? நர்சிங் படிக்கிற பெண்கள் சுகாதார நிலையத்துக்குப் பயிற்சிக்கு வருவார்கள். அங்கிருந்து வீடு வீடாகப் போய்த் தொழில் பழகுவார்கள். சர்க்கரை நோய் அரித்த அவன் கால் புண்ணுக்குக் கட்டுப் போட வாய்த்தவள் இவள். முதல் நாளே கத்தரிக்கோலைத் தவறவிட்டாள், பஞ்சைத் தவறவிட்டாள், கடைசியில் அழுதுவிடுவாள் போல நின்றாள். "எல் போர்டு மாட்டின வண்டிக்கு எல்லாரும்தான் ஒதுங்கி வழி விடணும். என் கால் தாங்கும், நீ ஓட்டு பாப்பா" என்றான் தம்பி. அந்தப் பொறுமையில் கால்வாசியைக்கூட அவன் அக்காவிடம் காட்டியதில்லை.

அன்று காலையும் அப்படித்தான். ஃபேனைக் குறை, ஜன்னலைத் திற, தலையணையைத் தூக்கி வை என்று விடிந்ததிலிருந்து அவளை நடையாய் நடக்க வைத்தான். பிறகு டீ கேட்டான், அதுவும் சர்க்கரை போட்டு. அந்த வீட்டுக்குள் சர்க்கரை நுழைந்தே வெகுகாலமாகிறது.

"ஒரே ஒரு தடவைக்கா."

"சாகுற வரைக்கும் என்னை உட்காரவே விடமாட்டியாடா?"

கேட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனவள்தான். கடைத்தெருவில் வேண்டுமென்றே காலத்தைக் கடத்தினாள். வேண்டாத காய்க்கெல்லாம் விலை கேட்டாள். வெயில் ஏற ஏறக் கோபம் இறங்கியது. கொஞ்சம் சர்க்கரை வாங்கிக்கொண்டு திரும்பியபோது வாசலில் எல் போர்டு தனியாக நின்றிருந்தாள். கூட வந்த நர்ஸம்மா அடுத்த தெருவில் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தாள். "ரொம்ப நேரமா கதவைத் தட்டுறேன், மாமா குரலே குடுக்கல" என்றாள் அந்தப் பெண். அக்கா கதவைத் திறக்க இருவரும் உள்ளே ஓடினார்கள்.

இப்போது பேசு என்றால் அக்கா என்னத்தைப் பேசுவாள்? அவனோடு சண்டை போட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். காதருகே குனிந்தாள்.

"டேய், சர்க்கரை வாங்கியிருக்கேன்டா. ரெண்டு ஸ்பூன் போட்டே தர்றேன். காலையில சொன்னது சும்மா வாயில வந்தது. எனக்கு உட்காரவே வேணாம். நீ கூப்பிட்டுக்கிட்டே இரு, நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

அவன் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் இளகியது போலிருந்தது. கேட்டுவிட்டான் என்றே நம்பினாள். அவளுக்கு அப்படியொரு நிம்மதி வந்தது.

நர்ஸம்மா மூச்சிரைக்க வந்தாள். கழுத்தைத் தொட்டாள், கண்ணை விலக்கிப் பார்த்தாள், தாடையை அசைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள்.

"போய் ரொம்ப நேரமாச்சும்மா. தாடை விறைச்சிடுச்சு."

"இல்லையே! இப்பத்தான் துடிப்பு இருந்துச்சே. இந்தப் பொண்ணு பார்த்தாளே!"

நர்ஸம்மா திரும்பினாள். "எந்த விரலால பார்த்தே?"

எல் போர்டு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டைவிரலை நீட்டினாள்.

"கட்டைவிரல்ல தெரியறது உன் துடிப்புடி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் வைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அதற்குப் பிறகு அக்கா நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஆட்கள் வந்தார்கள், நாற்காலிகள் வந்தன. "நீ கொஞ்சம் உட்காரு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு எரிந்தது. விரித்த போர்வையை மறுபடி விரித்தாள், சாத்திய ஜன்னலைத் திறந்தாள், ஃபேனைக் குறைத்தாள், கூட்டினாள்.

தம்பியோடு லாரியில் கிளீனராக இருந்தவர் வந்து அழுது ஓய்ந்தார். சாவு வீட்டில் எல்லாரும் கேட்பதையே அவரும் கேட்டார்.

"கடைசியா என்ன கேட்டான்க்கா?"

"டீ."

"குடுத்தியா?"

அடுப்பில் ஏதோ பொங்குவதுபோல அவள் சமையலறைக்கு ஓடினாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. மேடைமேல் சர்க்கரைப் பொட்டலத்தை எறும்பு மொய்த்திருந்தது. எறும்புக்கு யாரும் தகவல் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

சாயங்காலம் பின்வாசல் வழியாக எல் போர்டு வந்தாள். சீருடை இல்லாமல் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள்.

"தப்பாப் போச்சும்மா. ஓடி வந்ததுல எனக்கே படபடன்னு அடிச்சுது. அதைப் போய் மாமாவோடதுன்னு... நான் படிப்பையே விட்டுடறேன்."

அக்காவுக்கு அவளை ஓங்கி அறையத் தோன்றியது. கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது. இரண்டுக்கும் கை வரவில்லை. இவள் மட்டும் சரியான விரலை வைத்திருந்தால், அந்த ரெண்டு ஸ்பூன் சர்க்கரையைப் பற்றி அக்கா அவனிடம் வாயே திறந்திருக்க மாட்டாள்.

"எங்கே, எப்படிப் பார்க்கணும், காட்டு" என்று தன் கையை நீட்டினாள்.

எல் போர்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு விரல்களை வைத்தாள். "இப்படித்தான்மா பார்க்கணும்."

"அது இல்ல. காலையில நீ பார்த்தது."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். விரல்களை எடுத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தாள்.

"இங்கேயா?" என்று அக்கா தன் கட்டைவிரலை அதே இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஓரமா. ரொம்ப அழுத்தக் கூடாது."

"ம். படிப்பை விடுறேன்னெல்லாம் உளறாதே. போ."

வாசலில் வண்டி வந்து நின்றது. அறைக்குள் இருந்தவர்கள் வழி ஒதுக்க வெளியே போனார்கள். கட்டுப் போட வரும்போதெல்லாம் எல் போர்டு உட்காரும் குட்டை ஸ்டூல் கட்டிலுக்கடியில் கிடந்தது. அக்கா அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தம்பியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலை வைத்தாள். அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துத் துடிப்பு கிடைத்தது.

"அக்கா, எடுத்துடலாமா?" என்று கிளீனர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இருங்க" என்றாள்.