மடக்கிய தகடு

முழங்கால் இரண்டும் விடியும்போதே மக்கர் பண்ணின. கட்டிலை விட்டு எழச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. முப்பது வருடம் சிமெண்டுத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரம் கழற்றியதற்கு உடம்பு கொடுத்த கூலி அது. வலது காலை நீட்டினால் உள்ளே மணல் அரைபடுவதுபோல் நறநறவென்றது. அந்தச் சத்தம் மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

பட்டறையில் அவருக்குப் பெயர் 'காது'. கேலிக்கு வைத்ததில்லை, மரியாதைக்கு வைத்தது. பிரேக் கீச்சிடுகிறது என்று ஒரு கார் வந்தால் மற்றவர்கள் நாலு சக்கரத்தையும் கழற்றுவார்கள். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, தெருமுனை வரை ஒரு நடை போய்வருவார். அவ்வளவுதான். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் கத்தினால் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டில் துரு. பிரேக்கைப் பத்துத் தடவை மிதித்தால் போய்விடும். மிதிக்கும்போது மட்டும் கத்தினால் தட்டை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறி வழவழத்துப் போயிருக்கிறது. ஓடும்போதெல்லாம் மெல்லிசாகக் கத்தி, மிதித்ததும் நின்றால், பேட் தேய்ந்து அதில் இருக்கும் சின்னத் தகடு தட்டில் உரசுகிறது. என்னை மாற்று என்று கூப்பாடு போடுவதற்கென்றே அந்தத் தகட்டை வைத்திருக்கிறார்கள். கத்தல் போய் உறுமல் வந்தால் இரும்போடு இரும்பு. அதற்கப்புறம் ஆராய்ச்சிக்கு இடமில்லை.

பிரேக் சத்தங்களில் அந்த உறுமல் ஒன்றுதான் இப்போது அவர் காதில் விழுந்தது. கிரைண்டரும் சுத்தியலும் மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டன. முதலில் கொசு போனது. பிறகு போன் மணி. பிறகு மனைவியின் குரலில் பாதி.

இரண்டு வருடமாக அவர் சத்தத்தைக் கேட்கவில்லை, பார்த்தார். வண்டிக்காரன் முகத்தில் பார்த்தார். கீச்சிடும் நொடியில் எப்பேர்ப்பட்டவனுக்கும் கண் சுருங்கும், பல் கடிபடும். எந்த வளைவில் சுருங்குகிறது, மிதிக்கும்போதா விடும்போதா என்று கவனித்துக்கொள்வார். பிறகு இறங்கி, சக்கரத்துக்குள் விரலை விட்டு, எந்தத் தட்டு அதிகம் சுடுகிறது, எதில் கறுப்புப் பொடி கூடுதல் என்று தடவிப் பார்ப்பார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. செவிடு என்று தெரிந்தால் சோறு போய்விடும் என்ற பயம் விரலுக்குக் கண் கொடுத்திருந்தது.

பட்டறை மைத்துனனுடையது, மனைவியின் தம்பி. உதிரிபாகக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவன். ஸ்பேனர் பிடித்த கையில்லை. ஆனால் பட்டறைக்கு ஒரு வழக்கம் அவன் கொண்டுவந்தது. 'பேட் மாத்த வேணாம், சத்தம் மட்டும் நிக்கணும்' என்று கஞ்சன் எவனாவது வந்தால், அந்தச் சின்னத் தகட்டைக் குறட்டால் மடக்கி விட்டுவிடுவது. கத்தல் நின்றுவிடும். பேட் தன்பாட்டுக்குத் தேயும்.

"அவன் கேட்டது சத்தம் நிக்கணும்னு. நின்னுச்சா இல்லையா மாமா?" என்பான்.

மடக்குவது காதின் வேலை. அவருடைய குறட்டில் ஒரு பல் உடைந்திருந்தது. அவர் மடக்கிய தகட்டில் வரிவரியாகத் தடம் விழும், நடுவில் ஒரு வரி மட்டும் இருக்காது.

அன்று காலை பத்து மணிக்கு பெயின்டர் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். கார்களுக்கு வண்ணமடிக்கிற ஆள். வாய் மட்டும் மூன்று ஆள் வேலை செய்யும்.

"அண்ணே, இது என்னமோ கத்துது. காது குளிர ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க."

காது ஏறி உட்கார்ந்தார். பெயின்டர் ஓட்டினான். முனையில் இடதுபக்கம் திரும்பும்போது அவன் கண் சுருங்கியது. மறுபடி ஒரு தடவை, தாடையை இறுக்கினான். திரும்பி வந்ததும் காது இறங்கினார். சக்கரத்தைத் தடவிப் பார்க்க அவர் குனிவதற்குள் மைத்துனன் அலுவலக அறையிலிருந்து வெளியே வந்து நின்றான். மற்ற ஆட்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். எதற்கு இத்தனை பேர் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"என்ன மாமா, கேட்டுச்சா?"

"கேக்காம? முன் சக்கரம், இடது. ஊரையே கூட்டுது. தகடு உரசுது மாப்ள."

"நல்லாக் கேட்டுச்சா?"

"பாடுற மாதிரி கேக்குது."

பெயின்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒருவன் சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே பேட் புத்தம் புதிதாக இருந்தது. முந்தின நாள்தான் போட்டது, மேலே அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை.

"பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே! போன் அலறுது, மனுசன் திரும்பல. என் மூஞ்சியப் பாத்தே பொழப்ப ஓட்டியிருக்காரு!" பெயின்டர் கண்ணை இடுக்கிப் பல்லைக் கடித்துக் காட்டினான். "இந்தாங்கண்ணே, இது வலது பக்கம். இது பின்னாடி!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அவருக்குக் கேட்டது. ஆண்களின் சிரிப்பு கனமானது.

மைத்துனன் சிரிக்கவில்லை. "எத்தன நாளா மாமா?" என்று மட்டும் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல், "அந்தப் பக்கம் தண்ணி ஹோஸ் இருக்கு. நாளையிலேர்ந்து கழுவுற வேலையப் பாருங்க. அதுக்குக் காது வேணாம்" என்றான்.

வீட்டுக்கு அவர் போவதற்குள் செய்தி போயிருந்தது. மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர.

"நான் என்னமோ திமிர்னு நெனச்சேங்க," என்றாள், அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, உரக்க. "ரெண்டு வருசமா நாயா கத்துறேன், இந்த மனுசன் கண்டுக்கவே இல்லன்னு எத்தன நாள் அழுதிருக்கேன். கேக்கலியா? வெறும் காது கேக்கலியா?"

அவளுக்கு அது நிம்மதி. சிரித்து முடித்து அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை உருவிக்கொண்டார். பெயின்டர் சிரித்தது வயிற்றோடு போயிற்று. இவள் சிரித்தது உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

பத்து நாள் கழுவினார். பட்டறையில் பெயரும் மாறிவிட்டது. 'செவிடண்ணே' என்று கூப்பிடுவார்கள், கூப்பிட்டுவிட்டு அவர் திரும்புகிறாரா என்று பந்தயம் கட்டுவார்கள். திரும்பினால் ஒருவன் ஜெயிப்பான், திரும்பாவிட்டால் இன்னொருவன்.

பதினோராம் நாள் மதியம் மைத்துனன் தன் சொந்தக் காரைக் கழுவ விட்டான். சாம்பல் நிறம். நாலு மாதத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கியது. உள்ளே பாட்டு எந்நேரமும் இடி இடிப்பதுபோல் ஓடும். அதைக் கழுவும் மேடையில் ஏற்றி நிறுத்தும்போது, கடைசி அடியில், அவருக்கு அது கேட்டது. இடது முன் சக்கரத்திலிருந்து ஒரு உறுமல், ஒரே நொடி. பாட்டுச் சத்தத்தில் மைத்துனனுக்கு அது விழவில்லை; சாவியை எறிந்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

அவர் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு முழங்கால் கதறக் கதற உட்கார்ந்தார். சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டார். தட்டில் நகம் வைத்தால் நகம் இறங்குகிற பள்ளம். வழக்கமான கறுப்புப் பொடி இல்லை; மினுமினுவென்று இரும்புத்தூள். டயரின் உள்பக்கம் ஈரம். தண்ணீர் இன்னும் அடிக்கவே இல்லை. முகர்ந்தார். பிரேக் ஆயில். பேட் சுத்தமாகத் தீர்ந்து, அதைத் தள்ளும் பிஸ்டன் அளவுக்கு மேல் வெளியே வந்து, ஒழுக ஆரம்பித்திருக்கிறது. இன்னும் நாலு மிதி தாங்கும், பத்து மிதி தாங்கும். ஒரு இறக்கம் தாங்காது.

டார்ச்சை அடித்துப் பார்த்தார். தகடு மடங்கியிருந்தது. வரிவரியாகத் தடம், நடுவில் ஒரு வரி இல்லை.

அப்போதுதான் வண்டியை அடையாளம் தெரிந்தது. போன வருடம் ஒரு கஞ்சன் சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொன்ன கார். அவர்தான் மடக்கினார், மைத்துனன் சொல்லித்தான். நடுவில் வண்டி கை மாறியிருக்க வேண்டும்; தன் பட்டறையில் வாயடைத்த வண்டி என்று தெரியாமலே மைத்துனன் அதை வேறொருவரிடம் வாங்கியிருக்கிறான். சத்தம் இல்லை, வண்டி சுத்தம் என்று நம்பி வாங்கியிருப்பான்.

அவர் காரைக் கழுவினார். அவசரப்படவில்லை. கூரை, கதவு, கண்ணாடி, கடைசியில் சக்கரம். ஈரத்தையும் இரும்புத்தூளையும் சேர்த்தே கழுவிவிட்டார்.

மைத்துனன் பல்லைக் குத்திக்கொண்டு வந்தான். பின்னால் பெயின்டர்.

"என்ன மாமா, வண்டியில ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

பெயின்டர் புரையேறும் அளவுக்குச் சிரித்தான். "முதலாளி, வண்டி மூஞ்சியப் பாத்துச் சொல்லுவாரு!"

காது இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்வதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. இதை எடுக்காதே, இடது முன் சக்கரம் போச்சு. சொன்னால் நம்புவானா என்பது வேறு விஷயம். அவர் சாவியை நீட்டினார்.

"கழுவியாச்சு மாப்ள."

கார் மேடையை விட்டு இறங்கி வாசலில் நின்றது. வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள், கையில் தைத்த துணிகள் அடங்கிய பெரிய பையோடு. இறக்கத்துக்குக் கீழே இருக்கும் கடைக்குக் கொடுக்க வேண்டிய துணி. தம்பி கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவரிடமும் காலையில் அவள் சொல்லித்தான் இருப்பாள். அவருக்குக் கேட்டிருக்காது. இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறினாள். இவரைப் பார்த்துக் கையாட்டினாள்.

"மாப்ள! நில்லு! நில்லு மாப்ள!"

கண்ணாடி ஏறியிருந்தது. பாட்டு இடித்தது. அவர் ஓடப் பார்த்தார். மூன்றாவது எட்டில் வலது முழங்கால் மடிந்து ஈரத் தரையில் விழுந்தார்.

"என்னண்ணே, முதலாளிக்குக் காது கேக்கலியா?" என்றான் பெயின்டர்.

அவன் சட்டைப் பையில் போன் துருத்திக்கொண்டு நின்றது. ஒரு வார்த்தை போதும். போன் போடுடா, வண்டிய நிறுத்தச் சொல்லு. ஏன் என்று கேட்பான். எப்போது தெரியும் என்று கேட்பான். தெரிந்துமா சாவியைக் கொடுத்தாய் என்று பட்டறை முழுக்கக் கேட்கும். அவர் ஈரத்தில் உட்கார்ந்தபடி அந்தப் போனையே பார்த்தார். பெயின்டர் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அவர் வாயைத் திறக்கவில்லை.

இறக்கத்தின் அடியில் நின்றிருந்த லாரிக்குப் பின்னால் கார் நுழைந்துவிட்டது. மைத்துனனுக்கு நெற்றியில் ஏழு தையல். அவளுக்கு இடது உள்ளங்கை நொறுங்கி, இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இனி மிஷினில் துணியைப் பிடித்து ஓட்ட முடியாது என்று டாக்டர் சொன்னதை நர்ஸ் அவருக்குக் கத்திச் சொன்னாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மைத்துனன் கட்டோடு வந்து அவர் தோளில் கை போட்டான்.

"மிதி அப்படியே தரைக்குப் போயிடுச்சு மாமா. ஒரு கீச்சுக்கூட இல்ல. சத்தம் இருந்தாத்தான தெரியும்? எவனாலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

மனைவி கண் விழித்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். உதடு அசைந்தது. மெல்லிய குரல், ஒரு எழுத்துகூட அவருக்கு விழவில்லை. ஆனால் இரண்டு வருடமாக முகம் பார்த்துப் பிழைத்தவர் அவர். ஒவ்வொரு சொல்லையும் உதட்டிலிருந்து படித்தார்.

"நீங்கதானே வண்டியக் கழுவினீங்க? ஒண்ணுமே தெரியலியாங்க?"

அவர் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டினார். அவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் தலையாட்டினார். அவள் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், ஒற்றைக் கையால் சோறு போடும்போதெல்லாம். அந்தப் பதிலை அவர் அவளுக்கு இன்னும் கொடுக்கவில்லை.