ஒரு பிஸ்கட் கூடக் கூடாது

காலை ஒன்பது ஐம்பதுக்கு போன் அடித்தபோது டெய்லர், வாயில் நாலு குண்டூசியைக் கவ்வியபடி ஒரு பேண்ட்டின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஊசிகளைத் துப்பிவிட்டு எடுத்தான்.

"நாளைக்குக் காலையில கண்டிப்பா ரெடி" என்றான், யார் என்று கேட்காமலே.

"நாளைக்கு வரைக்கும் தாங்காது" என்றது ஒரு பெண் குரல். "விலங்கு மருத்துவமனையிலேர்ந்து டாக்டர் பேசறேன். கொசு இருக்கானா?"

கொசு கட்டிலுக்கடியில் இருந்தது. அதாவது, முன்பாதி கட்டிலுக்கடியில். பின்பாதிக்கு இடம் போதாமல் கூடத்தில். முப்பத்தெட்டு கிலோ. குட்டியாக வந்த அன்று அக்கா ஆசையாக வைத்த பெயர் அது. அதன் பிறகு நாய் மட்டும்தான் வளர்ந்தது. போன வருடம் அக்கா அதை ரத்த தானம் செய்யும் நாய்களின் பட்டியலில் சேர்த்திருந்தாள். அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். கூண்டுக்குள் ஏறிவிட்டால் மூன்று மணி வரை போனைத் தொடமாட்டாள். அதனால் இரண்டாவது எண்ணாக எழுதிக் கொடுத்திருந்த தம்பிக்கு அழைப்பு வந்துவிட்டது.

"ஆறு கிலோ நாய் ஒண்ணு" என்றார் டாக்டர். "வண்டி மோதி மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. உள்ளே கசிஞ்சுக்கிட்டே இருக்கு. வயித்தைத் திறந்தாகணும், ஆனா ரத்தம் கையில இல்லாம திறக்க முடியாது. பதினொரு மணிக்குள்ள கொசு இங்க வேணும். காலையில ஏதாவது சாப்பிட்டானா?"

டெய்லர் திரும்பிப் பார்த்தான். சாப்பாட்டுத் தட்டு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அக்கா மூன்று முறை சொல்லிவிட்டுப் போயும், சோறு வைக்க மறந்திருந்தான்.

"இல்ல டாக்டர். எதுக்கும் இருக்கட்டுமேன்னு நான்தான் வைக்கல."

"ரொம்ப நல்லது. அவனுக்கு இது முதல் தடவை. லேசா மயக்க ஊசி போட்டுத்தான் எடுப்போம். வயித்துல ஏதாவது இருந்தா, மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். உங்க நாய் உயிருக்கே ஆபத்து. தண்ணி குடிக்கலாம். வேற எதுவும், ஒரு பிஸ்கட் கூடக் கூடாது."

அவனுக்கு ஒரு வியாதி உண்டு. நேராகச் சொன்னால் முடிகிற விஷயத்துக்கும் ஒரு கதை கட்டுவான். பட்டன் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வெட்கப்பட்டு, பட்டன் கம்பெனியே தீப்பற்றிவிட்டது என்பான். தொழில் பழக்கம். ஆனால் டாக்டரிடம் "இதோ கிளம்பிட்டேன்" என்று சொன்னது மட்டும் நிஜம். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக் கழற்றக்கூட மறந்து, நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டான்.

முதல் டாக்சி நாயைப் பார்த்ததும் நிற்காமலே போனது. இரண்டாவது நின்று, பார்த்து, பிறகு போனது. மூன்றாவது டிரைவர் கண்ணாடியை இறக்கிக் கொசுவை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு ரெண்டு சீட் வேணும் போலிருக்கே! ஏத்துங்க. எனக்கு நாய்னா உயிரு."

ஏற்றினான். இரண்டாவது சிக்னலில் டிரைவர் தும்மினார். மூன்றாவது சிக்னலுக்குள் பதினோரு தும்மல். கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது.

"அண்ணே, என்ன ஆச்சு?"

"எனக்குத்தான் நாய்னா உயிரு. இந்த மூக்குக்கு... அச்! ...ஆகாது."

"இது தெரிஞ்சுமா ஏத்துனீங்க?"

"ஆசை யாரை விட்டுது? அச்!"

அடுத்த தும்மலில் டாக்சி ஒரு தண்ணீர் லாரியை முத்தமிடப் போய், ஒரு சாண் இடைவெளியில் தப்பியது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். "இதுக்கு மேல ஓட்டினா மூணு பேருக்கும் ரத்தம் தேவைப்படும். அதோ பஸ் ஸ்டாப். நாலாம் நம்பர் பஸ் ஆஸ்பத்திரி வாசல்லேயே போகும்." சொல்லிக்கொண்டே டேஷ்போர்டிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பின்பக்கம் நீட்டினார். "பாவம், புள்ள பசியா பாக்குது..."

டெய்லர் பாய்ந்து அந்தப் பன்னைப் பிடுங்கித் தன் வாயில் திணித்துக்கொண்டான். டிரைவர் அவனை அருவருப்போடு பார்த்தார். கொசு அதைவிட அருவருப்பாகப் பார்த்தது.

மணி பத்து இருபது.

நாலாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டர் ஒரு பெண்மணி. விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு பேசக்கூடியவர்.

"நாயை ஏத்தலாம். கடைசி சீட்டுப் பக்கத்துல நிக்கணும். ஒரே கண்டிஷன். பயணிங்கள்ல ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் அடுத்த ஸ்டாப்புல இறக்கிடுவேன். அப்புறம் அக்கா, தங்கச்சின்னு கெஞ்சக் கூடாது."

பஸ்ஸில் இருபது பேர் இருப்பார்கள். இருபது பேரும் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கோட்டுப் போட்ட ஒருவர், மடியில் ஃபைலோடு, ஆட்சேபிப்பதற்கென்றே டிக்கெட் வாங்கியவர் போல உட்கார்ந்திருந்தார்.

"இது கடிக்குமா?"

"இதுவா? பரம சாது சார். ஈ மேல கால் பட்டாக்கூட நின்னு மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போகும்."

சொன்னபடியே கொசு தன் பெரிய தலையைக் கொண்டுபோய், கடைசிக்கு முந்தின சீட்டில் இருந்த பச்சைப் புடவை அம்மாள் மடியில் வைத்துப் பெருமூச்சு விட்டது. "அடி என் தங்கமே!" என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான், பஸ் முழுக்கக் கொசுவிடம் மயங்கிவிட்டது. கால்கள் வெளியே வந்தன. கைகள் வந்தன. கைகளோடு பைகளும் திறந்தன.

ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைக் கிழித்தார். இன்னொருவர் அவித்த முட்டையை உரிக்கத் தொடங்கினார். கொசுவின் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கியது.

டெய்லருக்கு வியர்த்தது. சாது என்றால் ஊட்டுகிறார்கள். கடிக்கும் என்றால் இறக்கிவிடுவார்கள். நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வாய்க்கு அந்தப் பாதை பழக்கமில்லை.

"குடுக்காதீங்க! மருந்து சாப்பிடுது."

"மருந்தா?" கோட்டுக்காரர் நிமிர்ந்தார். "என்ன நோய்? ஒட்டுமா?"

"ஐயோ, நோயெல்லாம் இல்ல சார். டயட்டுல இருக்கு. போட்டிக்குப் போகுது."

"என்ன போட்டி?"

"அழகுப் போட்டி."

பஸ் கொல்லென்று சிரித்தது. கொசுவுக்கு ஒரு காது பாதிதான் உண்டு. மூக்கில் பழைய தழும்பு. முட்டை உரித்தவர், "நடுவருக்குக் கண்ணு சரியில்லையா?" என்றார்.

கோட்டுக்காரர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். "கண்டக்டர்! இந்த ஆளு ஒரு நிமிஷத்துல மூணு கதை சொல்லிட்டாரு. முதல்ல இது இவரோட நாய்தானான்னு விசாரிங்க. எங்கேயோ திருடிட்டுப் போறாரு. நான் ஆட்சேபிக்கிறேன்."

விசில் அடித்தது. பஸ் நின்றது. மணி பத்து நாற்பது.

"இறங்குப்பா" என்றார் கண்டக்டர்.

டெய்லர் வெளியே பார்த்தான். ஆள் நடமாட்டமில்லாத நீண்ட மதில் சுவர். ஒரு டாக்சி கிடையாது. ஆஸ்பத்திரி இன்னும் நாலு ஸ்டாப். எங்கேயோ ஒரு மேஜையில் ஆறு கிலோ உயிர் சொட்டுச் சொட்டாகக் கரைந்துகொண்டிருந்தது.

"இது எங்க அக்கா நாய்" என்றான். "ரத்தம் குடுக்கப் போகுது. ஆஸ்பத்திரியில ஒரு குட்டி நாய் அடிபட்டுக் கிடக்கு. பதினொண்ணுக்குள்ள போகலேன்னா செத்துடும். இது வெறும் வயித்தோட இருக்கணும், அதான் தடுத்தேன்."

"நாய் ரத்த தானமா?" கோட்டுக்காரர் எல்லோரையும் பார்த்தார். "நாலாவது கதை."

"நாய்க்குப் பேர் என்ன?" என்றார் கண்டக்டர்.

"கொசு."

"கொசு ரத்தம் குடுக்கப் போகுது. எடுத்துத்தான்ப்பா பார்த்திருக்கோம்!" கண்டக்டர் இடுப்பில் கைவைத்தார். "சரி, டாக்டருக்குப் போனைப் போடு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

போட்டான். ஒரே மணியில் எடுத்தார் டாக்டர்.

"எங்க இருக்கீங்க? நாடி இறங்கிட்டே வருது. ஆபரேஷன் டேபிள் ரெடி. கொசு எதுவும் தின்னலையே?"

"இல்ல டாக்டர். எதுவுமே தின்னல."

முட்டை டப்பாவுக்குள் போனது. கோட்டுக்காரர் மெதுவாக உட்கார்ந்து ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டார். "நான் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார், ஃபைலிடம்.

இரட்டை விசில். பஸ் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கும்போது பச்சைப் புடவை அம்மாள் டெய்லரின் சட்டைக் கையைப் பிடித்தார். முகம் வெளிறியிருந்தது. காதோரம் குசுகுசுத்தார்.

"தம்பி, நீங்க அந்தக் கோட்டோட மல்லுக்கு நின்னப்போ... நான் ரெண்டு பிஸ்கட் குடுத்துட்டேன். எனக்குத் தெரியாதுப்பா..."

பஸ் போய்விட்டது.

வாசலிலிருந்து கண்ணாடிக் கதவு வரை நாற்பது அடி இருக்கும். அந்த நாற்பது அடியில் டெய்லர் தன் வாழ்நாளில் யோசித்ததை எல்லாம்விட அதிகமாக யோசித்தான். யாருக்கும் தெரியாது. ரெண்டே ரெண்டு பிஸ்கட். சொன்னால் டாக்டர் ஊசி போட மாட்டார். அந்தக் குட்டி போய்விடும். சொல்லாவிட்டால்? கொசு வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தது, ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

கதவைத் திறந்து டாக்டரே ஓடிவந்தார். பின்னால் பெஞ்சில் ஒரு பிளம்பர், பாக்கெட்டில் ஸ்பேனரோடு, அழுது வீங்கிய கண்களோடு எழுந்து நின்றார். குட்டி நாயின் சொந்தக்காரர். கையில் வெறும் கழுத்துப் பட்டை.

"டாக்டர்" என்றான் டெய்லர். "ரெண்டு பிஸ்கட் தின்னுட்டான். கால் மணி நேரம் முன்னாடி. எனக்கு இப்பத்தான் தெரியும்."

பிளம்பர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

டாக்டர் ஒரு விநாடி கண்ணை மூடினார். "அப்ப மயக்க ஊசி கிடையாது. முழிப்போட எடுக்கலாம், எடுக்கிறதும் உண்டு. ஆனா அதுக்குப் பழகின நாய்ங்கதான் சும்மா இருக்கும். கழுத்து நரம்புல ஊசி. பன்னிரண்டு நிமிஷம் ஒருக்களிச்சுப் படுத்து அசையவே கூடாது. இவன் எப்படி?"

"அசையாம இருக்கறதா? டாக்டர், இவன் தூக்கத்துலகூட ஓடுவான்."

"எப்பதான் சும்மா கிடப்பான்?"

டெய்லர் யோசித்தான். வேகமாக, முதன்முறையாக ஒரு கதையும் சேர்க்காமல் யோசித்தான். "நான் தையல் மெஷின் ஓட்டும்போது. மோட்டார் சத்தம் கேட்டா காலடியில வந்து செத்தவன் மாதிரி விழுந்துடுவான்."

"மெஷினுக்கு எங்க போறது?"

"நானே ஓட்டறேன்."

கொசுவைத் தூக்கி மேஜையில் கிடத்த மூன்று பேர் வேண்டியிருந்தது. நர்ஸ் கழுத்தில் ஒரு பட்டை முடியைச் சிரைத்தார். ஊசியைக் கண்டதும் கொசு தலையைத் தூக்கியது. டெய்லர் அதன் பாதிக் காதருகே உதட்டைக் குவித்தான்.

"டர்ர்ர்ர்ர்ர்ர்..."

கொசு அவனைப் பார்த்தது. சந்தேகமாகத்தான் பார்த்தது.

"டர்ர்ர்ர்... டக் டக்... டர்ர்ர்ர்ர்ர்..." வளைவில் தைக்கிற மாதிரி ஒரு நிறுத்தம், பிறகு நேர்த் தையல். தலை மெல்ல மேஜையில் சரிந்தது. ஊசி இறங்கியது. ஒரு காது மட்டும் துடித்தது. குழாயில் சிவப்பு ஓடி, பைக்குள் இறங்கியது.

"நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர், ரகசியமாக.

மூன்றாவது நிமிடத்தில் உதடு மரத்தது. ஐந்தாவது நிமிடத்தில் நாக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஏழாவது நிமிடத்தில் வெளியே யாரோ வாளியைத் தள்ளிவிட, கொசுவின் கண் திறந்தது. டெய்லர் உடனே ஜீன்ஸ் துணிக்கு மாறினான். கனத்த தையல், மோட்டார் திணறுகிற மாதிரி. கண் மூடிக்கொண்டது. நர்ஸ் சிரிப்பை அடக்க முகமூடியைக் கடித்தார். கதவிடுக்கில் நின்ற பிளம்பர், அழுவதா சிரிப்பதா என்று புரியாமல் இரண்டையும் செய்தார்.

பன்னிரண்டாவது நிமிடம் டாக்டர் குழாயைக் கவ்வியால் பிடித்தார். பை நிறைந்திருந்தது. அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"போதும் சார், நிறுத்திக்கலாம்" என்றார் நர்ஸ், கழுத்தில் பஞ்சை அழுத்தியபடி.

டெய்லர் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். கொசு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய உடம்பு இப்போது திடுக்கிட்டு எழுந்து குதித்தால் மேஜை, பஞ்சு, நர்ஸ் எல்லாம் ஒன்றாகப் போகும். அவன் வேகத்தை மட்டும் குறைத்தான்.

ஒரு மணி நேரம் கழித்து உள்கதவு திறந்தது. "ஈறு ரோஸ் நிறத்துக்கு வந்துடுச்சு. பொழைச்சுக்கும்" என்றார் டாக்டர்.

பிளம்பர் ஓடிவந்து டெய்லரின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொல்றதுன்னே தெரியல சார். நீங்களாவது ஏதாவது சொல்லுங்க!"

"டர்ர்ர்ர்" என்றான் டெய்லர்.